வேண்டாம் என்றார், விடவில்லை பட்டம்!

1961-ஆம் ஆண்டு மே திங்கள் 8-ஆம் நாள். இலண்டன் பாராளுமன்ற மாளிகை. காமன்ஸ் சபையின் வாசலை நோக்கி ஒருவர் நடந்து வருகிறார். வயது முப்பத்தாறு. பெயர் அந்தோணி வெட்ஜ்வுட் பென். நான்கு நாட்களுக்கு முன்புதான் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியிலே இடைத் தேர்தல் நடந்து, 23,275 பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எதிர்த்து நின்ற கன்சர்வேடிவ் கட்சிக்காரருக்குக் கிடைத்தது 10,231. வித்தியாசம் 13,044!

வாசற்காவலர் வழியை மறிக்கிறார். உள்ளே விடக்கூடாது என்பது சபாநாயகரின் உத்தரவு.

ஏன்? கள்ள ஓட்டுப் போட்டு வென்றாரா? இல்லை. காசு கொடுத்து ஓட்டு வாங்கினாரா? இல்லை. கடன்பட்டுத் திவாலானவரா? இல்லை. சிறைத் தண்டனை பெற்றவரா? அதுவும் இல்லை. பின் என்னதான் குற்றம் செய்தார்?

அவருடைய தகப்பனார் இறந்துபோனார். அதுதான் குற்றம்!

சிரிக்காதீர்கள் தோழர்களே. ஜனநாயகத்தின் தாய் என்று ஏட்டிலே படிக்கிறோமே, அந்தப் பாராளுமன்றத்தின் வாசலிலே நடந்தது இது. தகப்பனார் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் என்ற பிரபுப் பட்டம் பெற்றவர். அவர் கண்ணை மூடிய கணத்திலே அந்தப் பட்டம் மகன் தலையில் வந்து உட்கார்ந்தது. கேட்டு வந்ததல்ல, கேளாமலே வந்தது. பட்டம் வந்தவர் பிரபுக்கள் சபைக்கு உரியவர். காமன்ஸ் சபையில் அவருக்கு இடமில்லை. இருபத்து மூவாயிரம் பேர் என்ன, இரண்டு லட்சம் பேர் ஓட்டுப் போட்டாலும் இடமில்லை. இது சட்டம்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். 2024 செப்டம்பரிலே பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு ஒரு மசோதா கொண்டு வந்தது. பரம்பரையைக் காட்டிப் பிரபுக்கள் சபையில் உட்காரும் உரிமை இனி ஒருவருக்கும் கிடையாது என்பது அதன் சாரம். நவம்பரிலே காமன்ஸ் சபை அதை நிறைவேற்றிற்று. 2025-லே பிரபுக்கள் சபை அதை அங்கே வெட்டி இங்கே ஒட்டித் திருத்தங்களோடு திருப்பி அனுப்பியது. அந்த மசோதா யாருடைய ஆசனத்தை எடுக்கப் புறப்பட்டதோ, அவர்களிலே ஒருவர் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட். வாசலில் மறிக்கப்பட்டாரே பென், அவருடைய மூத்த மகன்! தந்தை தூக்கி எறிந்த பட்டம் மகன் தோளுக்கு எப்படி வந்தது? இந்த ஒரு பட்டத்தின் கதையைத் தெரிந்து கொண்டால், இந்த மசோதா எதைத் தொடுகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பது விளங்கிவிடும்.

பழமையான பட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். வாளேந்திப் போர் புரிந்து வாங்கியதல்ல. மன்னனுக்கு மது ஊற்றிக் கொடுத்து வாங்கியதுமல்ல. பிறந்த ஆண்டு 1942. பிறந்த காரணம், தொழிற்கட்சியின் தேவை.

முதல் வைகவுண்டின் பெயர் வில்லியம் வெட்ஜ்வுட் பென். லிபரல் கட்சியில் இருந்தவர். 1927-லே தொழிற்கட்சிக்கு வந்தார். வந்த கையோடு, பழைய கட்சியின் பெயரால் பெற்ற ஆசனம் எனக்கு வேண்டாம் என்று ராஜிநாமாச் செய்தார். கட்சி மாறினாலும் நாற்காலி மாறாத இக்காலத்து வீரர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிப்பது நல்லது.

இந்தப் பெயர் நமக்கு முற்றிலும் அந்நியமுமல்ல. 1929 முதல் 1931 வரை இந்தியா மந்திரியாக இருந்தவர் இவர்தான். டில்லியிலே வைசிராய் இர்வின். இலண்டனிலே அவருக்கு மேலே பென். 1930-லே தண்டியிலும் நம் வேதாரண்யத்திலும் உப்புக் காய்ச்சியவர்களைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சி அந்த இலாகாவின் கீழ் நடந்த ஆட்சிதான். அந்த ஆண்டு நவம்பரில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டிலே அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் போய் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக வாதாடினார்களே, அப்போதும் இந்தியா மந்திரி இந்த பென்தான். நல்ல மனிதர் என்று பெயர். ஆனால் நல்ல மனிதர் ஆண்டாலும் அடிமை நாடு அடிமை நாடுதான். அது வேறு வழக்கு. அதை இங்கே எடுக்கவில்லை.

1942-க்கு வருவோம். இரண்டாம் உலகப் போர். சர்ச்சில் தலைமையிலே கூட்டு அரசு. தொழிற்கட்சியும் அதிலே பங்காளி. ஆனால் பிரபுக்கள் சபையைப் பார்த்தால், எங்கே திரும்பினாலும் கன்சர்வேடிவ் தலைகள். நிலப்பிரபு, சாராய ஆலை முதலாளி, சுரங்க முதலாளி, முதலாளியின் மகன், மகனின் மகன். தொழிற்கட்சியின் சார்பிலே எழுந்து நின்று பேச ஆளில்லை. ஆள் வேண்டுமென்றால் பிரபுவாக்க வேண்டும். பிரபுவாக்கினால் அவரோடு நிற்காது. பிள்ளை, பேரன் என்று வழிவழியாகப் போகும். ஆயுள்வரை மட்டும் பட்டம் தரும் ஏற்பாடு 1958-லேதான் சட்டமாயிற்று. நீதிபதிப் பதவிக்கு வந்த சட்டப் பிரபுக்கள் சிலரைத் தவிர, 1942-லே கடையிலே கிடைத்தது ஒரே சரக்கு. அது பரம்பரைச் சரக்கு!

அந்தச் சரக்குக்கு ஒரு காலத்திலே விலைப்பட்டியலே இருந்தது, தெரியுமோ? முதல் உலகப் போரை ஒட்டி லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்தபோது, கட்சி நிதிக்குப் பணம் கட்டியவர்களுக்குப் பட்டம் கிடைத்தது. மாண்டி கிரிகரி என்றொரு தரகர் இதையே தொழிலாக நடத்தினார். நாற்றம் தாளாமல் 1925-லே பட்ட விற்பனையைத் தடுக்க ஒரு சட்டமே போட்டார்கள். 1933-லே கிரிகரி அதே சட்டத்தின் கீழ்த் தண்டனை பெற்றார். இதிலே வேடிக்கை என்னவென்றால், 1909-லே இந்தப் பிரபுக்களை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று முழங்கியவரும் இதே லாயிட் ஜார்ஜ்தான். ஏழைக்கு ஓய்வூதியமும், அதற்காகப் பணக்காரன் நிலத்துக்கு வரியும் வேண்டி அவர் போட்ட பட்ஜெட்டைப் பிரபுக்கள் தள்ளினார்கள். அதன் விளைவாக 1911-லே பிரபுக்களின் தடையதிகாரம் வெட்டப்பட்டது. வெட்டிய கையே பின்னாளில் விற்றது!

ஸ்டான்ஸ்கேட் பட்டம் அப்படி விலைக்கு வந்ததல்ல. இது மரியாதையும் அல்ல, வெகுமதியும் அல்ல, மேல்சபையில் தொழிற்கட்சியின் பலத்தைக் கூட்டுவதற்கான ஏற்பாடு என்று அன்றைய அரசே அறிவித்துத் தந்த பட்டம். ஒரு தொழிற்சங்கக் கிளையின் செயலாளரைப் பக்கத்து ஊர்க் கிளைக்கு அனுப்புவது போலக் கட்சி அனுப்பியது, அவர் போனார். ஆனால் செயலாளர் செத்தால் அவர் மகன் செயலாளர் ஆவதில்லை. இங்கே ஆக வேண்டும். அதுதான் கோளாறு.

அந்தக் கோளாறு வில்லியத்துக்குத் தெரியாமல் இல்லை. மூத்த மகன் மைக்கேலைக் கேட்டார். மைக்கேல் மதகுருவாகும் எண்ணத்தில் இருந்தவர். எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். இரண்டாவது மகன் அந்தோணியை யாரும் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? மூத்தவன் இருக்கிறானே!

மூத்தவன் இல்லாமல் போனான். மைக்கேல் விமானப் படையிலே விமானி. 1944 ஜூன் மாதம் விமான விபத்திலே மாண்டார். ஒரு தாய் மகனை இழந்தாள். ஒரு தம்பி அண்ணனை இழந்தான். அந்தத் துயரத்தோடு துயரமாக, கேட்காத தம்பியின் கழுத்திலே வாரிசு என்ற கயிறும் விழுந்தது.

அதே 1944. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 27. இடம் நம் சேலம். நீதிக்கட்சி மாநாட்டிலே அண்ணாதுரை தீர்மானம் என்ற பெயரால் ஒரு தீர்மானம் வந்தது நினைவிருக்கும். வெள்ளை அரசு கொடுத்த சர், ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் கட்சிக்காரர்கள் துறக்க வேண்டும் என்றது அது. கட்சியின் பெயரும் திராவிடர் கழகமாயிற்று. பட்டம்தான் பெரிது என்றவர்கள் ஒதுங்கினார்கள். கொள்கைதான் பெரிது என்றவர்கள் நின்றார்கள். நம்மவர்க்கு அன்று வேண்டியிருந்தது மனம் ஒன்றுதான். மனம் வந்தால் பட்டத்தைக் கழற்றி வீசலாம், தடுக்க ஆளில்லை. பென்னுக்கு மனம் இருந்தது. கழற்ற வழிதான் இல்லை! அவர் நாட்டுச் சட்டத்தின்படி பிரபுப் பட்டம் சட்டையல்ல, தோல்!

1950 நவம்பரிலே, இருபத்தைந்தாம் வயதிலே, பிரிஸ்டல் மக்கள் அந்தோணி பென்னைக் காமன்ஸ் சபைக்கு அனுப்பினார்கள். அன்று முதலே தகப்பனாரின் ஒவ்வொரு பிறந்தநாளும் மகனுக்கு எச்சரிக்கை மணி. தந்தை வாழும்வரைதான் தனக்கு அரசியல். 1955-லே பட்டத்தைத் துறக்கத் தமக்கு மட்டுமாவது அனுமதி தரும்படி ஒரு தனி மசோதா கொண்டு வந்து பார்த்தார். தகப்பனாரும் மகனுக்கு ஆதரவாகப் பேசினார். சர்ச்சிலே ஆதரித்துக் கடிதம் எழுதினார். பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. தள்ளாமல் என்ன செய்யும்? ஒருவன் வெளியே போகலாம் என்றால், உள்ளே இருப்பவர்களின் பெருமை என்னாவது? கோயில் யானை ஒன்று காட்டுக்கு ஓடிவிட்டால், மற்ற யானைகளுக்கும் காட்டின் நினைவு வந்துவிடுமே!

1960 நவம்பர் 17. தகப்பனார் காலமானார். பத்தாண்டு காலம் பிரிஸ்டல் மக்களின் பிரதிநிதியாக இருந்தவர் அந்த நாளோடு பிரதிநிதி அல்ல. காமன்ஸ் சபையின் உரிமைக் குழு ஆராய்ந்தது. சட்டத்தை மீற முடியாது என்று சொன்னது. தொகுதி காலி. இடைத் தேர்தல். அந்த இடைத் தேர்தலிலே, உனக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டவரே மீண்டும் வேட்பாளராக நின்றார்! ஒவ்வொரு வாக்காளருக்கும் தெரியும், இவரை அனுப்பினால் உள்ளே விடமாட்டார்கள் என்று. எதிர்க்கட்சியார் வாக்குச் சாவடியிலே அறிவிப்பே ஒட்டினார்கள்: இவர் தகுதியற்றவர், இவருக்குப் போடும் ஓட்டு வீண். படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள் பிரிஸ்டல் தொழிலாளர்கள். புகையிலை ஆலையும் விமானத் தொழிற்சாலையும் உள்ள ஊர் அது. முன்னைவிடப் பெரிய வித்தியாசத்திலே அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் வாசலில் மறிப்பு. அதற்கும் பிறகு தேர்தல் வழக்கு. இரண்டு நீதிபதிகள். பென் தம் வழக்கைத் தாமே வாதாடினார். 1961 ஜூலையிலே தீர்ப்பு வந்தது. தகுதியற்றவர் என்று தெரிந்த பிறகும் போடப்பட்ட ஓட்டுகள் எறியப்பட்ட ஓட்டுகள். ஆகவே 23,275 குப்பைக்கு! 10,231 வாங்கித் தோற்றவர் சட்டப்படி வென்றவர்! எதிரியின் வழக்குச் செலவும் பென் தலையில்!

இன்னும் ஒன்று கேளுங்கள். அப்படித் தோற்று வென்றாரே மால்கம் செயின்ட் கிளேர், அவரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு அடுத்த வாரிசு! அவருடைய உறவினர் சிங்கிளேர் பிரபு அன்றைக்கு இறந்திருந்தால், அவருக்கும் அதே கதிதான். ஒருவர் வீட்டில் சாவு முந்திற்று, ஒருவர் வீட்டில் முந்தவில்லை. இந்த வேற்றுமையை வைத்துத் தொழிலாளர் தொகுதி ஒன்றின் பிரதிநிதி யார் என்று முடிவாயிற்று. செயின்ட் கிளேரைக் குறை சொல்வதற்கில்லை. சட்டம் மாறினால் விலகிக் கொள்கிறேன் என்று சொன்னவர், சொன்னபடியே விலகினார்.

சட்டம் மாறியது. எப்படி மாறியது என்பதுதான் அரசியல்.

நாடெங்கும் சிரிப்பு. இது என்ன கேலிக்கூத்து என்று கன்சர்வேடிவ் ஏடுகளே எழுத வேண்டி வந்தது. இரு சபைக் கூட்டுக் குழு ஒன்று அமர்ந்து பரிசீலித்தது. 1963-லே பிரபுப் பட்டச் சட்டம் வந்தது. பட்டம் வந்த பன்னிரண்டு மாதத்துக்குள், காமன்ஸ் உறுப்பினராக இருந்தால் ஒரு மாதத்துக்குள், அதை ஆயுளுக்கும் துறக்கலாம். அடுத்த பொதுத் தேர்தலின்போதுதான் நடைமுறைக்கு வரும் என்று முதலில் எழுதினார்கள். பிரபுக்கள் சபையிலே, இல்லை, உடனே வரட்டும் என்று திருத்தினார்கள். 1963 ஜூலை 31 மாலை அரச ஒப்புதல் கிடைத்தது. 6 மணி 22 நிமிடத்துக்குப் பென் தம் பட்டத்தைத் துறந்தார். பிரிட்டனிலே அப்படித் துறந்த முதல் மனிதர். ஆகஸ்ட் 20-ஆம் நாள் மீண்டும் இடைத் தேர்தல், மீண்டும் பிரிஸ்டல், இந்த முறை வாசல் திறந்தது.

ஆனால் பழத்தை முதலில் தின்றவர் யார்? அக்டோபரிலே பிரதமர் மாக்மில்லன் நோயுற்றுப் பதவி விலகினார். கன்சர்வேடிவ் கட்சிக்குப் புதிய தலைவர் வேண்டும். காமன்ஸ் சபையிலே முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இருந்தும், தேடிப் பிடித்தது ஹோம் ஏர்லை, அதுவும் 14-ஆவது ஏர்லை! பிரதமராக வந்து அமர்ந்தவர், பென் போராடிப் பெற்ற அதே சட்டத்திலே நுழைந்து, ஏர்ல் பட்டத்தைக் கழற்றி வைத்தார். உடனே வரட்டும் என்ற அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் அவரால் அது முடிந்திராது. மற்றொரு வேட்பாளரான ஹெயில்ஷாம் வைகவுண்டும் அதே சட்டத்திலேதான் பட்டம் துறந்தார். கிணறு வெட்டியவன் குடத்தோடு நிற்கிறான். பல்லக்கிலே வந்தவன் முதல் வாளித் தண்ணீரை மொண்டுவிட்டான்!

14-ஆவது ஏர்ல் என்று தொழிற்கட்சித் தலைவர் வில்சன் கிண்டல் செய்தபோது, அப்படியானால் இவர் 14-ஆவது மிஸ்டர் வில்சனாக இருப்பார் என்று ஹோம் திருப்பிச் சொன்னதைப் பலரும் மெச்சினார்கள். நானும் மெச்சுகிறேன், நல்ல நகைச்சுவை. ஆனால் முந்தைய பதின்மூன்று வில்சன்களும் அவருக்கு ஆசனம் எதையும் எழுதி வைத்துவிட்டுச் சாகவில்லை என்பதை எவரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

1964-லே ஹோம் ஆட்சி கவிழ்ந்தது. பின்னாளிலே ஹெயில்ஷாம் 1970-லும், ஹோம் 1974-லும் ஆயுள் பிரபுக்களாகப் பழைய மாளிகைக்கே திரும்பிப் போனார்கள். முன்வாசல் வழியே வெளியேறிப் பின்வாசல் வழியே உள்ளே! பென் போகவில்லை. வில்சன் அரசிலே அமைச்சரானார். தபால், தொழில்நுட்பம், தொழில், எரிபொருள் என்று இலாகாக்கள் பார்த்தார். வெட்ஜ்வுட் என்ற பெயரையும் எழுபதுகளிலே உதறிவிட்டு வெறும் டோனி பென் ஆனார். 2001-லே பாராளுமன்றத்தை விட்டபோது, இனி அரசியலுக்கு அதிக நேரம் கிடைக்கும் என்றாராம். தெருவிலே இறங்கினார், போரை எதிர்த்தார், ஊர்வலத்தில் நடந்தார். 2014 மார்ச் 14-ஆம் நாள் மறைந்தார்.

மறைந்தவுடன் என்ன நடந்தது? ஐம்பது ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருந்த பட்டம் எழுந்து உட்கார்ந்தது!

1963 சட்டத்தின் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. துறக்கலாம் என்றார்களே தவிர, அழிக்கலாம் என்று சொல்லவில்லை. துறந்தவர் உயிரோடு இருக்கும்வரை பட்டம் உறங்கும். அவர் மூச்சு நின்றதும் விழித்து அடுத்த வாரிசைத் தேடும். எனக்கு வேண்டாம் என்று சொல்லலாம். என் வீட்டுக்கே வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேர் அப்படியே இருக்கும். கிளையை மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.

மூத்த மகன் ஸ்டீபன் பென் மூன்றாவது ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் ஆனார். தந்தை செய்ததைப் போல அவர் துறக்கவில்லை. இரண்டாவது மகன் ஹிலாரி பென் மக்களிடம் ஓட்டு வாங்கி, காமன்ஸ் சபை வழியே, 2024-லே அமைச்சராகவும் ஆனார். ஒரே வீடு, ஒரே தாய் தந்தை. ஒருவருக்கு ஓட்டு, ஒருவருக்கு வரிசைமுறை.

2021-லே மூன்றாவது வைகவுண்ட் பிரபுக்கள் சபைக்குள் நுழைந்தார். எப்படி? இடைத் தேர்தலிலே வென்று! பிரபுக்களுக்கு ஏது இடைத் தேர்தல் என்று வியப்பீர்கள். இது 1999-இன் கைவண்ணம். அந்த ஆண்டு பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்கள் அறுநூறு பேருக்கு மேல் வெளியே அனுப்பிற்று. நல்லது. ஆனால் முழுவதும் அனுப்பவில்லை. கன்சர்வேடிவ் பிரபுக்களின் தலைவர் கிரான்போர்ன், தம் கட்சித் தலைவருக்கே தெரியாமல் பிளேரோடு பேரம் பேசி 92 பேரைக் காப்பாற்றிக் கொண்டார். அதற்காகக் கட்சித் தலைவர் ஹேக் அவரைப் பதவியை விட்டு விரட்டினார். ஆனால் பேரம் நிலைத்தது. முழுச் சீர்திருத்தம் வரும்வரை தற்காலிக ஏற்பாடு என்றார்கள். தற்காலிகம் இருபத்தைந்து ஆண்டு ஓடிற்று! அந்த 92-இலே ஒருவர் இறந்தால் அல்லது ஓய்வு பெற்றால், பரம்பரைப் பட்டக்காரர்கள் போட்டியிட முடிந்தது. பெரும்பாலும் ஓட்டுப் போட்டவர்கள் அந்தக் கட்சியைச் சேர்ந்த பரம்பரைப் பிரபுக்கள் மட்டும்.

இந்தத் தேர்தலின் அழகுக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 2016 ஏப்ரல். லிபரல் டெமாக்ரட் கட்சியின் பரம்பரைப் பிரபு இடம் ஒன்று காலி. வேட்பாளர்கள் 7 பேர். வாக்காளர்கள் எத்தனை பேர்? 3 பேர்! மூவரும் தவறாமல் வந்து ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்கு நூறு வாக்குப் பதிவு! மூன்றையும் அள்ளிக்கொண்டு வென்றவர் தர்ஸோ வைகவுண்ட். இவர் யார்? 1999-லே பிரபுக்கள் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 2001-லே மக்களிடம் ஓட்டுக் கேட்டு காமன்ஸ் உறுப்பினரானவர். அதுவரை பாராட்டத்தான் வேண்டும். 2015-லே அதே மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே மூன்று ஓட்டிலே பாராளுமன்றத்துக்குத் திரும்பிவிட்டார். பிரிஸ்டலிலே 23,275 ஓட்டு ஒருவரை உள்ளே விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டரிலே 3 ஓட்டு ஒருவரை உள்ளே விட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: யாருக்கு யார் பிறந்தார் என்பது.

ஸ்டீபன் பென்னை நான் ஏசப் போவதில்லை. அவர் போய் உட்கார்ந்தது தொழிற்கட்சி வரிசையிலே. தாத்தாவுக்கு அந்தப் பட்டம் தரப்பட்டது எதற்கு? மேல்சபையிலே தொழிற்கட்சிக்கு ஆள் வேண்டும் என்பதற்கு. அந்தக் கணக்கிலே பார்த்தால், துறந்த தந்தையைவிட ஏற்ற மகன்தான் 1942-இன் ஏற்பாட்டுக்கு உண்மையாக இருந்தார் என்றும் வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் ஒரு கட்சி தன் படையிலே ஆள் சேர்க்க எதிரியின் ஆயுதக் கிடங்கிலிருந்து பிறப்புரிமை என்ற ஆயுதத்தை எடுத்ததும், அது மூன்று தலைமுறை அந்தக் கட்சிக் குடும்பத்தையே குத்தியதும் கண்ணெதிரே நடந்த உண்மை. சலுகை தருகிறோம் என்று சொல்லித்தான் விலங்கு பூட்டுகிறார்கள். சலுகைக்குப் பயந்து ஓடியவர் ஒருவர் அகப்பட்டதனால்தான் விலங்கின் ஓசை உலகத்துக்குக் கேட்டது.

2024 மசோதாவை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஒன்று: இந்த 92 பேரிலே உழைப்பாளிகள் உண்டு, குழுக்களிலே அமர்ந்து வரிவரியாகச் சட்டம் படிக்கிறவர்கள் உண்டு. உண்டுதான். உழைப்பவர் தேர்தலில் நின்று வரட்டும். உழைப்புக்கும் தகப்பன் பெயருக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு: 1999-லே கொடுத்த வாக்கு என்னாயிற்று? திரைமறைவிலே இரண்டு பேர் பேசிக்கொண்ட பேரம் ஒரு நாட்டைக் கால் நூற்றாண்டுக்கு மேல் கட்டுமா? மூன்றாவது வாதம் ஒன்று உண்டு. அதுதான் சற்றுக் கனமானது. பரம்பரையார் போய்விட்டால், ஒருசில மதகுருமாரைத் தவிர அந்தச் சபையில் இருப்பவர் அனைவரும் நியமனக்காரர்களே. பிரதமரின் பேனா முனையிலே பிறந்தவர்களே. தகப்பன் தந்த ஆசனம் கேவலம், தலைவர் தந்த ஆசனம் கௌரவமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கட்சிக்கு நிதி கொடுத்தவர்கள் மேல்சபைக்குப் போவது லாயிட் ஜார்ஜ் காலத்தோடு நின்றுவிட்டதா என்று இரு கட்சிக்காரர்களையும் கேட்டால் இருவரும் தொண்டையைக் கனைப்பார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை, நியமனத்தையும் நீக்கித் தேர்தல் வைப்பது. பரம்பரையையும் கூடவே வைத்துக்கொள்வோம் என்பதா விடை? வீட்டிலே இரண்டு பாம்பு. ஒன்றை அடிக்கத் தடியெடுத்தால், இன்னொன்றும் இருக்கிறதே, ஆகையால் இதை விட்டுவிடு என்கிறார்கள்!

என் குறை வேறு. அந்த மசோதா எடுப்பது ஆசனத்தை, பட்டத்தை அல்ல. வைகவுண்ட் வைகவுண்டாகவே இருப்பார், சபைதான் இராது. ஸ்டான்ஸ்கேட் என்பது எசெக்ஸ் மாவட்டத்திலே ஆற்றோரத்து இடம். பென் குடும்பத்தின் வீடு அங்கே இருந்தது. அந்த இடத்தின் பெயரைச் சுமக்கும் பட்டயத்திலே, முதல் வைகவுண்டின் ஆண் வாரிசுகளுக்கு என்று 1942-லே எழுதினார்கள். ஆண் வாரிசு! அந்த முதல் வைகவுண்டின் மனைவி மார்கரெட், பெண்களுக்கும் மதகுருப் பதவி வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடிய அம்மையார். அவர் வீட்டிலே ஏறிய பட்டத்திலே பெண்ணுக்குப் பங்கில்லை.

மூன்றாவது வைகவுண்டுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் மூத்தவர். 2010 பொதுத் தேர்தலிலே, இருபதே வயதில், தாத்தா டோனி பென்னின் கட்சிக்காக வேட்பாளராக நின்று, வீடு வீடாகச் சென்று ஓட்டுக் கேட்டுத் தோற்றவர். மகன் அவருக்கு இளையவர். பட்டம் தம்பிக்குத்தான் போகும்.